கெட்டுப்போனது இடது பக்கம்

அத்தியாயம் 14

சொன்னது நான்தான். இல்லையென்று சாதிக்கப் போவதில்லை. போன வாரம், சாப்பாட்டு மேஜையில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "அந்தக் கறுப்புச் சனியன் ஒருநாள் உடைஞ்சு தொலைஞ்சாத்தான் இந்த வீட்டுக்கு விடிவு காலம்!"

சொல்லிவிட்டு எழுந்து போய் என் தட்டைக் கழுவினேன். இவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஒரு வார்த்தை இந்த வாரம் என் தலையிலேயே வந்து விடியும் என்று தெரிந்திருந்தால், வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கறுப்புச் சனியன் என்றது ஒரு ஹெட்போனை. என் கொழுந்தன் தன் மனைவிக்குக் கல்யாணப் பரிசாக வாங்கிக் கொடுத்தது. அதன் விலையைக் கேட்டதும் இவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் கல்யாணத்தில் இவர் எனக்கு வாங்கித் தந்தது ஒரு எமர்ஜென்சி விளக்கு. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, கரண்ட் போய்விட்டால் பெண்டாட்டி என்ன செய்வாளோ என்ற கவலை அவருக்கு. அது இன்றைக்கும் எரிகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் எமர்ஜென்சி விளக்கை யாரும் கையில் வாங்கிப் பார்த்து "அடேயப்பா!" என்று சொன்னதில்லை.

கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. கல்யாணமாகி இருபதாம் நாள் கிளம்பிப் போய்விட்டான். அவன் திரும்பி வரும்வரை சின்னவள் எங்களோடு இருக்கிறாள். சின்னவள் என்றால் என் ஓரகத்தி. அவளுக்காக நடு அறையை ஒழித்துக் கொடுத்தோம். அங்கே இருந்த என் தையல் மெஷின் இப்போது பால்கனியில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். யாரோ கதைப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். நடுநடுவே கேட்கிற மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலி கிறீச்சிடுவது எல்லாவற்றையும் இவள் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கி அனுப்ப வேண்டும்.

நானும் சுத்தம் செய்கிறவள்தான். ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, காய வைத்து, ஆவியில் வேகவைத்து, கட்டிக் கொடுக்கிற பிரிவில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். நான் ரத்தத்தைக் கழுவுகிறேன், அவள் மூச்சைக் கழுவுகிறாள். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் வாயைப் பிளப்பது அவள் வேலையைக் கேட்டுத்தான். "அட, அதுக்குக்கூட ஆள் இருக்காங்களா!" என்பார்கள். என் வேலையைப் பற்றி ஆரம்பித்தால், "ஐயோ, சாப்பிடற நேரத்துல வேண்டாமே!"

சரி, அதெல்லாம்கூடத் தொலையட்டும். என்னால் பொறுக்க முடியாதது வாலு விஷயம்.

வாலு என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து, அன்றைக்கு நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டுகிற பெண். "போதும்டி, காது வலிக்குது" என்று நானே விரட்டியிருக்கிறேன். மூன்று மாதமாக அவள் கால் நேராக நடு அறைக்குப் போகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. ஒருத்தி ஹெட்போனை மாட்டிக்கொள்வாள், மற்றவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கதவைத் தட்டி, "துணி மடிக்க வரியா?" என்று கேட்டால், "மெதுவாம்மா! சித்தி வேலை பண்றாங்க!" என்று பதில் வரும்.

என் வீட்டில் என்னை மெதுவாகப் பேசச் சொல்கிறது நான் பெற்றது. வயிறு எரியுமா, எரியாதா?

இந்த லட்சணத்தில் போன வாரம் சின்னவள் வாலுவிடம், "கையைத் துடைச்சிட்டுப் போட்டுக்கோ கண்ணா, அழுக்குப் பிடிக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் என் பெண்ணைப் பார்த்து அழுக்கு என்று சொல்லலாமா? கிருமிக்குப் பயப்படுகிறவர்களே என்னிடம் வந்துதான் கை கழுவக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் மேஜையில் அப்படி வாயை விட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி பார்த்ததற்குப் பதில் விடுப்பு. இவர் ஏழரைக்கே கிளம்பிப் போய்விட்டார். வாலுவுக்குப் பரீட்சை, மதியம் வந்துவிடுவாள். சின்னவளுக்கு ஆபீசில் ஏதோ மீட்டிங். ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், "அக்கா, என் ரூமைப் பெருக்க வேண்டாம். நான் வந்து பண்ணிக்கிறேன். உங்களுக்கு இன்னிக்குத்தானே லீவு" என்றாள்.

அவள் அக்கறையாகத்தான் சொல்லியிருப்பாள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஏன், நான் பெருக்கினால் குப்பை போகாதா? அவள் தெருமுனை திரும்புகிறவரை பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக நடு அறைக்குள் போனேன்.

மேஜைமேல், அதற்கென்றே வாங்கிய ஒரு மரத் தண்டில், மகாராணியின் கிரீடம் தொங்குகிற மாதிரி அந்த ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. காதில் படுகிற மெத்தையில் வெள்ளையாக ஒரு தீற்றல். வாலுவின் முகப்பவுடர்தான், வேறென்ன.

பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சுத்தம் என்றால் என்னவென்று இவளுக்குக் காட்டினால் என்ன? கடையிலிருந்து வந்த அன்றைக்குக்கூட இப்படி மின்னியிருக்காது என்கிற மாதிரி துடைத்து மாட்டி வைத்துவிட்டால், இனி என் மகளைப் பார்த்து அழுக்கு என்று எந்த வாய் சொல்லும்?

ஸ்பிரிட் பாட்டிலையும், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியையும் எடுத்து வந்தேன். மேஜைமேல் வெள்ளைத் துண்டை விரித்தேன். கையுறைகூடப் போட்டுக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. பிரிக்க முடிந்த எதையும் பிரிக்காமல் கழுவினால், அது கழுவினதாகவே ஆகாது. ரத்தம் தங்குவது மூட்டுக்குள்தான், மேலே துடைத்து என்ன பிரயோஜனம்? புதிதாகச் சேருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டையே வறண்டிருக்கிறது. அதனால் நான் மேலாகத் துடைத்துவிட்டுப் போகவில்லை. மெத்தையின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். பொட்டென்று கழன்று வந்தது. இரண்டையும் கழற்றி வைத்தேன்.

உள்ளே ஒரு வலை, சல்லடை மாதிரி பொடிப் பொடி ஓட்டைகள். ஓட்டை என்றால் என் கை சும்மா இருக்குமா? காஸ் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, இடது பக்க வலையில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கொஞ்சம் தாராளமாகவே நனைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஓட்டை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. அதனால் என்ன, எங்கள் பிரிவில் குழாய், ஓட்டை எதுவானாலும் கழுவியதும் காற்றை வேகமாகப் பீய்ச்சித்தான் காய வைப்போம். அந்த மெஷினுக்கு வீட்டில் எங்கே போவது? வாலுவின் ஹேர் டிரையர் இருந்தது. வேகத்தை உச்சத்தில் வைத்து, வலையோடு ஒட்டப் பிடித்து, நூறு வரை எண்ணினேன்.

வலது பக்கத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அப்படி என்னதான் கேட்கும் இதில்? மெத்தைகளை மாட்டி, ஒயரை என் போனில் செருகி, ஒரு பாட்டை வைத்தேன்.

வலது காதில் பாட்டு தேனாகக் கேட்டது. இடது காதில் கர்ர்ர், கிர்ர்ர் என்று, காகிதப் பைக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு இரைச்சல். ஒயரை ஆட்டினேன், தட்டினேன், ஊதினேன். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டும் செத்துப்போயிற்று. இடது பக்கம் மூச்சுப் பேச்சே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியம். ஆனால் அந்தக் கர்ர்ர் சத்தம் வந்த முதல் நொடியில், பயம் வருவதற்கு முன்னால், துளியூண்டு சந்தோஷம் ஒன்று வந்துவிட்டுப் போனது. வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அப்புறம் வந்ததெல்லாம் பயம்தான். "சுத்தம் பண்ணத்தான் போனேன்" என்று யாரிடம் போய்ச் சொல்வது? மேஜையில் அத்தனை பேர் நடுவில், உடைந்து தொலையட்டும் என்று சொன்னவளாயிற்றே நான்! என்னையே கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னால்கூட, "இவதான் வேணும்னு பண்ணியிருக்கா" என்றுதானே தீர்ப்புச் சொல்வேன்?

போனில் தேடி, ரிப்பேர் கடை ஒன்றைக் கூப்பிட்டேன். எடுத்தவனிடம், யார் செய்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"டிரையர் போட்டாங்களா? ஐயையோ! உள்ளே காத்தாடித் தாளைவிட மெல்லிசா ஒண்ணு இருக்கும் மேடம். அதுதான் அதிர்ந்து சத்தம் வருது. அது சுருங்கிப்போயிருக்கும். இனிமே உள்ளே இருக்கறதையே மாத்தணும், கம்பெனிக்குத்தான் அனுப்பணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும். ஏன் மேடம், டிரையரைக் கொண்டுபோய் யாராவது அதுல காட்டுவாங்களா? யாரு அந்த அறிவாளி?"

"என் ஓரகத்தி" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பட்டென்று போனை வைத்துவிட்டேன். முகமே தெரியாதவனிடம்கூட அவளைத்தான் மாட்டிவிட வேண்டுமா? எனக்கே என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கக் கூசியது. ஹெட்போனை இருந்தபடியே மரத் தண்டில் மாட்டி, துண்டை மடித்து, ஜன்னலைத் திறந்து ஸ்பிரிட் நெடி போக விசிறிவிட்டு வெளியே வந்தேன்.

பன்னிரண்டரைக்கு வாலு வந்தாள்.

"பரீட்சை எப்படிடி எழுதினே?"

"ம்."

அவ்வளவுதான். பையை சோபாவில் எறிந்துவிட்டு நடு அறைக்குள் போய்விட்டாள். நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பின்னால், "அம்மா" என்று ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, சித்தியோட ஹெட்போன்... இடது பக்கம் கேக்கலம்மா."

"அப்படியா?" என்றேன்.

"நான்தாம்மா... நேத்து சாயங்காலம் சித்தி குளிக்கப் போனப்ப கேக்காம எடுத்தேன். கை நழுவிக் கீழே விழுந்துடுச்சு. அப்ப நல்லாத்தான் கேட்டுது. அதனால சித்திகிட்ட சொல்லல. இப்ப பாரேன்..."

சொல்லி முடிக்கவில்லை, ஓவென்று அழுதுகொண்டு வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு எத்தனை நாளாயிற்று! கரண்டியை வைத்துவிட்டு அவள் தலையைத் தடவினேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "அழாதே, உடைச்சது நான்தான்." மூன்றே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் கை விலகிவிடும். அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லலாம். முகம் கழுவிக்கொண்டு வரட்டும், அப்புறம் சொல்லலாம்.

ஊட்டிவிட்டேன். அவள் நாலாவது படிக்கும்போது நிறுத்தினது, மறுபடி ஊட்டிவிட்டேன். சோபாவில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். நடுநடுவே விசும்பிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். வகுப்பில் ஒரு பெண் இரண்டு வாரமாக இவளோடு பேசுவதில்லையாம். கணக்கில் கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லையாம். முன்னால் கொட்டுவாளே, அதே மாதிரி கொட்டினாள். நான் "உம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். பாவி நான், மூன்று மாதத்தில் அவ்வளவு நிம்மதியாக ஒரு மதியம் எனக்கு வாய்க்கவில்லை. பெண் மடியில் கிடந்து அழுகிறாள், எனக்கு உள்ளூர இனிக்கிறது.

"சித்தி இனிமே என்கூடப் பேச மாட்டாங்க இல்லம்மா?"

"பேசலைன்னா போகட்டும். உனக்கு நான் இல்லையா?"

இதைச் சொன்னதும் நான்தான்.

"அவங்களுக்கு நாளைக்குக் காலையில வேலையை முடிச்சுக் கொடுக்கணும். அந்த ஹெட்போன் இல்லாம முடியாது. சித்தப்பா ஆசையா வாங்கிக் கொடுத்ததும்மா அது..." மறுபடி அழுகை. கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, பார்க்க முடியவில்லை. சொல்லிவிடுகிறேன், இதோ சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றே முக்கால்.

நாலு மணிக்குச் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

சின்னவள் உள்ளே வந்து செருப்பை விடுவதற்குள் வாலு எழுந்து நின்றுவிட்டாள். "சித்தி, ஹெட்போனை நான் உடைச்சிட்டேன். நேத்து கீழே போட்டுட்டேன். சாரி சித்தி." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு இருக்கிற தைரியம், அவளைப் பெற்றவளுக்கு இல்லை.

சின்னவள் நேராக நடு அறைக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றோம். ஹெட்போனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மெத்தையை விரலால் நெம்பி எடுத்தாள். உள்பக்கம் ஒரு எழுத்து போட்டிருந்தது. வலதுக்கான மெத்தையை இடதிலும், இடதுக்கானதை வலதிலும் மாட்டித் தொலைத்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வலைமேல் குனிந்து, நகத்தால் எதையோ பிடித்து இழுத்தாள். வெள்ளையாக ஒரு நூல் வந்தது. காஸ் துணி நூல். இந்த வீட்டில் காஸ் துணி யார் பையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

விரல் நுனியில் அந்த நூலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே பார்வை. அவ்வளவுதான், இப்போது வாயைத் திறப்பாள், மானம் கப்பலேறும் என்று நினைத்தேன்.

அவள் நூலை மெல்லத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாலுவைப் பார்த்துச் சிரித்தாள்.

"லூசு, இது விழுந்ததுல ஆனது இல்லடா. காலையில கிளம்பற அவசரத்துல நான்தான் ஈரத்துணியால துடைச்சேன். உள்ளே தண்ணி போயிருக்கும். நீ ஒண்ணும் பண்ணலை. இதுக்கா இப்படி அழுதே?"

"நிஜமாவா சித்தி?"

"நிஜமா."

வாலு ஒரே தாவலில் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, "நான் செத்தே போயிட்டேன் சித்தி, தெரியுமா!" என்றாள். சின்னவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மதியம் முழுக்க என் மடியில் கிடந்த தலை இப்போது அவள் தோளில் இருந்தது.

என்னைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இந்த இடத்தையும் பிடித்துக்கொண்டாளே! உடைக்காமலேயே, பழியை ஏற்றுக்கொண்டு, என் பெண்ணின் கண்ணீரைத் துடைக்கிற பெருமையையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே! அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

"அவ பொய் சொல்றா" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அவ துடைக்கலை. உடைச்சது நான்தான். காலையில நான்தான் கழட்டிக் கழுவினேன்."

நான் உண்மையைச் சொன்னதைக் கேட்டு யாரும் என்னைப் பாராட்டிவிட வேண்டாம். யோக்கியதையால் வந்த உண்மை இல்லை அது. பொறாமையால் வந்தது.

வாலு மெதுவாகத் திரும்பினாள். சித்தியின் கழுத்திலிருந்து கை இறங்கியது.

"நீயா?"

"சுத்தம் பண்ணலாம்னுதான்டி எடுத்தேன். உன் பவுடர் ஒட்டியிருந்தது. வேணும்னு பண்ணலை. நம்பு."

"போன வாரம் உடையட்டும்னு சொன்னியே."

"அது ஏதோ கோபத்துல..."

"சரி, அதை விடு." அவள் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலை. "மூணு மணி நேரம் நான் அழுதேனே. அப்ப நீ எங்கே இருந்தே?"

"உன் பக்கத்துலதானேடி இருந்தேன்."

"அதைத்தான் கேக்கறேன்."

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் என்னை மடக்கிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் வாய்க்கு வாய் பதில் கொடுத்திருக்கிறேன். இவளுக்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியவில்லை.

"வாலு, போதும்" என்றாள் சின்னவள்.

"நீங்க சும்மா இருங்க சித்தி."

ஹாலுக்குப் போய் அடுத்த பரீட்சைக்கான புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் தலை வைத்துப் படுத்திருந்த அதே சோபாவின் அந்தக் கோடியில். நான் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நடு அறை வாசலுக்குப் போனேன். சின்னவள் மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனின் வலது பக்கத்தை மட்டும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கத்துல வேலை ஆகுமா?"

"ஆகணும் அக்கா. காலையில கொடுக்கணுமே. ரெண்டு தடவை கேட்டா ஆகும்."

"நான்..." என்று ஆரம்பித்தேன். மன்னிப்பு என்கிற சொல் என் வாயில் பழக்கமில்லாததால் சிக்கிக்கொண்டது.

அவளே பேசினாள். "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டி உங்க கையில கொடுத்திருப்பேன். எனக்குத் துடைக்கத் தெரியாது. பயந்துக்கிட்டு மேலாக ஊதிட்டு விட்டுடுவேன். உங்ககிட்டே கேக்கலாம்னு நிறைய தடவை நினைச்சேன். நீங்க பேசறதே இல்லையே."

கேட்கலாம் என்று நினைத்தாளாம்! அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இந்த ஜன்மம் கொஞ்சம் கெட்டவளாகப் பிறந்து தொலைத்திருக்கக் கூடாதா? நானும் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆறரைக்கு இவர் வந்தார். கருவிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். தரையில் மகள், அடுப்படி வாசலில் நான், திறந்திருந்த நடு அறைக் கதவுக்குள் சின்னவள்.

"என்ன, வீடு ஒரேயடியா அமைதியா இருக்கு?" என்றவர், உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒரு பக்கமா வெச்சுக் கேக்கறே? இன்னொரு பக்கம் என்னாச்சு?"

"கெட்டுப்போச்சு" என்றாள் சின்னவள்.

"கெட்டுப்போச்சா? எப்படி?"

சின்னவள் ஹெட்போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். இவர் திரும்பி, நேராக என்னைத்தான் பார்த்தார். போன வாரத்து மேஜை அவர் கண்ணில் அப்படியே தெரிந்தது. நான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நான்தான்பா" என்றாள் வாலு.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "நேத்து கேக்காம எடுத்தேன். கீழே போட்டு உடைச்சிட்டேன்."

"வாலு!" என்றாள் சின்னவள்.

"நீங்க பேசாதீங்க சித்தி."

இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். உடைத்தது பெண்டாட்டி இல்லை என்கிற நிம்மதி. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அடுத்த நொடி கோபம் வந்துவிட்டது.

"கேக்காம எடுத்தியா? அடுத்தவங்க பொருள்னு ஒரு பயம் வேண்டாம்? என்ன விலை தெரியுமா அது? உன் சித்தப்பா எத்தனை நாள் கடல்ல கிடந்து வாங்கினது? இவ்வளவு பெரிய பொண்ணு, கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா உனக்கு?"

அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. வாலு அழவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.